பின்வாங்காத ப்ரூக்ஸ்மாவும் ஒரு ஜோடி அடுப்பங்கரைக் கையுறைகளும்

“நான் போட்ட உத்தரவை நானே திரும்ப வாங்கினது இந்த முப்பது வருஷத்துல ஒரு தடவைகூடக் கிடையாது. மார்ஸ்டீப் கடலே ஒரு நாளைக்கு ரெண்டு தடவை பின்வாங்குது. நான் வாங்க மாட்டேன்.”

டச்சுக் கடற்படையின் டென் ஹெல்டர் தளத்தில் வெளிநாட்டு மாலுமிகளுக்குப் பயிற்சி கொடுத்துவந்த லெப்டினன்ட் கமாண்டர் ஹார்மன் ப்ரூக்ஸ்மா, தமது ஐம்பதாவது பிறந்த நாளில் இப்படிப் பிரகடனம் செய்தார். அப்போது அவர் கையில் ஒரு கேக் துண்டு இருந்தது. ஊர் வழக்கப்படி நாங்கள் பதினான்கு பேர் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, ஒருவர் முழங்கால் மற்றவர் முழங்காலில் இடிக்க உட்கார்ந்திருந்தோம். வந்தவர்கள் பிறந்தநாள்காரரை மட்டுமல்லாமல், அவர் மனைவியை, மனைவியின் தங்கையை, பக்கத்து வீட்டுக்காரரை என்று அறையில் இருந்த அத்தனை பேரையும் கை குலுக்கி வாழ்த்தி முடிப்பதற்கே அரை மணி நேரம் ஆகியிருந்தது. அந்தக் களைப்பில் யாருக்கும் கைதட்டத் தோன்றவில்லை.

எங்கள் பயிற்சிக் கப்பலின் தலைமை மாலுமி வுப்போ மட்டும் கேக்கை விழுங்கிவிட்டுச் சொன்னார்: “கடலு பின்வாங்கினா எங்களுக்குச் சிப்பியாச்சும் கெடைக்குது ஐயா. நீங்க பின்வாங்காததுல எங்களுக்கு என்ன கெடைக்குது?”

எங்கள் ஊரில் மேலதிகாரியிடம் இப்படிப் பேசுவது மரியாதைக் குறைவு ஆகாது. பேசாமல் இருப்பதுதான் சந்தேகத்துக்கு இடம் கொடுக்கும். ப்ரூக்ஸ்மாவும் கோபித்துக்கொள்ளவில்லை.

அவர் பெருமை வெறும் வாய்ப் பெருமை அல்ல என்பதற்கு நானே சாட்சி. தளத்தின் எழுத்தர் நான். உத்தரவுப் புத்தகம் என் மேசையில்தான் இருந்தது. ப்ரூக்ஸ்மாவின் உத்தரவுகள் அதில் சேர்ந்துகொண்டே போகும், ஒன்றும் கழியாது. பதினான்காம் உத்தரவு, கப்பலின் இடப்பக்கக் கைப்பிடியில் யாரும் சாயக் கூடாது என்பது. அன்று அதற்குப் பச்சை வர்ணம் அடித்திருந்தார்கள். வர்ணம் அன்று மாலையே காய்ந்துவிட்டது. பிறகு அந்தக் கப்பலையே உடைத்துப் பழைய இரும்பாக விற்றுவிட்டார்கள். புதிய பயிற்சிக் கப்பலிலும் எங்கள் ஆட்கள் வலப்பக்கம்தான் சாய்வார்கள். அறுபத்தொன்றாம் உத்தரவு, சமையல்காரர் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை சூப் பாத்திரத்தைக் கரண்டியால் தட்ட வேண்டும் என்பது. அது ஒரு மூடுபனி நாளில், மற்றக் கப்பல்களுக்கு எச்சரிக்கையாகப் பிறந்தது. பதினோரு வருடமாக நல்ல வெயிலிலும் எங்கள் கப்பல் கோயில் மணி கட்டிய மாடு மாதிரி ஓசையிட்டுக்கொண்டே போகும். நைஜீரியாவிலிருந்து வந்து பயிற்சி பெற்றுப்போன ஓர் அதிகாரி, தமது நன்றிக் கடிதத்தில் அந்தப் பாத்திரத்தை மட்டும் தனிப் பத்தியில் நினைவுகூர்ந்திருந்தார்.

இந்தக் குணம் பரம்பரைச் சொத்து. ப்ரூக்ஸ்மாவின் தகப்பனார் ஹார்லிங்கன் ஊரில் கால்வாய் மதகுக்காரர். ஒரு சனிக்கிழமை, மதகு மூடும் நேரம் வந்தபோது மாப்பிள்ளை வீட்டார் படகு உள்ளே வந்துவிட்டது, பெண் வீட்டார் படகு வெளியே நின்றது. அவர் மணியைப் பார்த்தார், மூடினார். பாதிரியார் மதகுக் கதவின் மேல் நின்று இரு பக்கமும் மாறி மாறிக் குனிந்து கல்யாணத்தை முடித்துவைத்தார். பத்து வயது ஹார்மன் கரையில் நின்று அதைப் பார்த்துப் பெருமையில் விம்மினான் என்பது குடும்ப வரலாறு. அந்தத் தம்பதி அதற்குப் பிறகு நன்றாகவே வாழ்ந்தார்கள் என்பதால் அதில் யாரும் குற்றம் கண்டுபிடிக்கவும் முடியவில்லை.

மனிதன் என்றால் வாய் தவறத்தான் செய்யும். ப்ரூக்ஸ்மா வலது என்று சொல்ல நினைத்து இடது என்று சொல்லிவிடுவது உண்டு. வேறு அதிகாரியாக இருந்தால் ‘இல்லை, வலது’ என்பார், வேலை முடிந்தது. இவர் அப்படிச் செய்ய மாட்டார். கப்பலை இடது பக்கமே திருப்பிக்கொண்டே போகச் சொல்வார். முக்கால் வட்டம் சுற்றியதும் கப்பலின் மூக்கு முதலில் போக வேண்டிய வலது திசைக்கே வந்து நிற்கும். உத்தரவும் பிழைத்தது, திசையும் கிடைத்தது, எண்ணெய் மட்டும் செலவு. பயிற்சிக்கு வந்தவர்கள் இதை ஏதோ உயர்ந்த டச்சு நுட்பம் என்று நினைத்துப் படம் போட்டுக் குறித்துக்கொள்வார்கள். அவர்களைத் திருத்த யாருக்கும் மனம் வரவில்லை.

எழுபத்தைந்தாம் ஆண்டு எங்கள் கடற்படை ஒரு பழைய போர்க்கப்பலைப் பெரு நாட்டுக்கு விற்றது. அதை ஓட்டிக்கொண்டு போக இருபத்து நான்கு பெரு மாலுமிகள் ஜனவரிக் குளிரில் வந்து இறங்கினார்கள். காலையில் ரொட்டியும் பாலாடைக்கட்டியும், மதியமும் அதே ரொட்டியும் அதே பாலாடைக்கட்டியும் என்றதும் அவர்கள் முகம் தொங்கிப்போனது. புதன்கிழமை மதியம் எங்கள் கடற்படை வழக்கப்படி சோறும் காரமான இறைச்சியும் போட்டபோதுதான் அவர்கள் இந்த நாட்டையே மன்னித்தார்கள்.

அந்த இருபத்து நான்கு பேரில் எயூசெபியோ ஹுவாமான் என்று ஒருவர். முப்பத்தோரு வயது, குள்ளம், அதிகம் பேச மாட்டார். சிம்போட்டே துறைமுகத்தில் நெத்திலிப் படகு ஓட்டிவிட்டுக் கடற்படைக்கு வந்தவர். அவருக்குச் சுக்கான் பிடிக்கும் சான்றிதழ் ஒன்றுதான் வேண்டும். அது கிடைத்தால் அந்தப் போர்க்கப்பலின் நிரந்தரச் சுக்கான்காரர் ஆகலாம், கல்லாவோவில் கடற்படைக் குடியிருப்பில் இரண்டு அறை வீடு ஒன்று கிடைக்கும். கிடைக்காவிட்டால் விமானத்தில் ஊர் திரும்பிக் கரையில் கிடங்குக் காவல். அவர் மனைவி சத்துர்னினா இப்போது மாமியார் வீட்டு ஒற்றை அறையில், ஹுவாமானின் ஐந்து தம்பிகளோடும் அவர்களுடைய மூன்று சண்டைச் சேவல்களோடும் குடியிருந்தார். தம்பிகளைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், சேவல்களுக்குத்தான் கட்டில் வேண்டியிருந்தது என்று அவர் கடிதம் எழுதியிருந்தாராம். அதை ஹுவாமான் எங்களிடம் சிரிக்காமல் சொன்னார்.

மார்ச் மாதம் ஒரு வியாழக்கிழமை. கடல் வடிந்துகொண்டிருந்தது, மார்ஸ்டீப்பில் நீரோட்டம் குதிரை வேகத்தில் ஓடியது. டெக்ஸல் தீவிலிருந்து வரும் படகு, ஆட்டு லாரிகளை ஏற்றிக்கொண்டு எங்கள் இடப்பக்கம் வந்துகொண்டிருந்தது. பயிற்சிக் கப்பலின் சுக்கானில் ஹுவாமான். ப்ரூக்ஸ்மா துல்லியத்தின் அவசியம் பற்றிப் பேசிக்கொண்டே, வலது பக்கத்தைக் கையால் சுட்டிக்காட்டி, “இடது இருபது” என்றார்.

ஹுவாமான் விதிப்படி “இடது இருபது” என்று உரக்கத் திருப்பிச் சொல்லிவிட்டு, சக்கரத்தை வலது பக்கம் இருபது டிகிரி திருப்பினார். டெக்ஸல் படகு எங்கள் பக்கத்தில் ஒரு தெரு அகல இடைவெளியில் கடந்து போனது. அதில் நின்ற ஒரு விவசாயி ஒன்றும் அறியாமல் எங்களுக்குக் கை அசைத்தார். ஆடுகளும் எங்களைப் பார்த்தன.

ப்ரூக்ஸ்மா திரும்பினார். “நான் என்ன சொன்னேன்?”

“வாயி இடதுன்னுச்சு ஐயா. கை வலதுன்னுச்சு. நான் கையை நம்பினேன்.”

“அவன் திருப்பலேன்னா இந்நேரம் நாம ஆட்டு மந்தைக்குள்ள உக்காந்திருப்போம்” என்றார் வுப்போ, யாரையும் பார்க்காமல்.

“கையை நம்பினியா?” என்றார் ப்ரூக்ஸ்மா. “சரி. இன்னையிலேருந்து இந்தக் கப்பல் சுக்கானை உன் கை தொடக் கூடாது.”

கரை சேர்ந்ததும் அதை நான் புத்தகத்தில் ஏற்றினேன். உத்தரவு எண் இருநூற்றுப் பன்னிரண்டு. தேர்வுக்கு எட்டு நாள் இருந்தது.

ஒரு விஷயத்தில் ப்ரூக்ஸ்மாவுக்கு நியாயம் செய்தாக வேண்டும். தப்பு தம்முடையது என்பதை அவர் மாலை ஆறு மணிக்கு, சாப்பாட்டு மேசையில் உருளைக்கிழங்குக்கு எதிரிலேயே மனைவியிடம் ஒப்புக்கொண்டார். அவர் மனைவி ட்ரைன்த்யே மறுநாள் இதை ரொட்டிக் கடையில் வைத்து எனக்குச் சொன்னார். தப்பு என்றால் போய்ச் சொல்ல வேண்டியதுதானே என்று அவர் கேட்டிருக்கிறார். தப்பை எத்தனை தடவை வேண்டுமானாலும் ஒப்புக்கொள்ளத் தயார், ஆனால் தப்பு வேறு, உத்தரவு வேறு என்று இவர் விளக்கியிருக்கிறார். ஒன்றை ரத்து செய்தால் மற்ற இருநூற்றுப் பதினொன்றும் தங்களுக்கும் அந்த வழி உண்டா என்று கேட்கும். நாளைக்குச் சமையல்காரர் பாத்திரத்தைத் தட்ட மாட்டார். பிறகு கடற்படை எதற்கு?

“முப்பது வருஷமா ஒரு கதவைத் தெறக்காம வெச்சிருந்தா பூட்டு துருப்பிடிச்சிரும் ஹார்மன்” என்றாராம் ட்ரைன்த்யே. “உனக்குத் தெறக்கத் தெரியலே. அதை வெளியில சொல்ல முடியாம கொள்கைன்னு பேரு வெச்சிருக்கே.”

ப்ரூக்ஸ்மா இரண்டாவது தடவை உருளைக்கிழங்கு போட்டுக்கொண்டாராம்.

எங்கள் நாட்டில் எந்தச் சிக்கலுக்கும் ஒரு மருந்து உண்டு. கூட்டம் போட்டுக் காபி குடிப்பது. யாரும் தோற்கக் கூடாது, யாரும் ஜெயிக்கவும் கூடாது, எல்லோரும் கொஞ்சம் கொஞ்சம் அதிருப்தியோடு எழுந்து போக வேண்டும், அதுதான் நல்ல முடிவு. மறுநாள் காலை பத்து மணிக்குக் குழு கூடியது. ப்ரூக்ஸ்மா, வுப்போ, தளத்துப் பாதிரியார், பெரு மாலுமிகளின் பொறுப்பதிகாரி உகார்தெச்சே, குறிப்பெடுக்க நான். ஆளுக்கு ஒரு காபி, ஒரு பிஸ்கட். உகார்தெச்சே இரண்டாவது பிஸ்கட்டுக்குக் கை நீட்டியபோது பாதிரியார் அன்போடு டப்பாவை மூடினார். பொறுப்பதிகாரி அன்று முழுவதும் தம் நாட்டை யாரோ அவமதித்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டிருந்தார்.

முதல் கூட்டத்தில், உத்தரவை விட்டுவிடலாமே என்று யாரும் சொல்லவில்லை. சொன்னால் ப்ரூக்ஸ்மா தோற்றதாகிவிடும். ஹுவாமானை அனுப்பிவிடலாம் என்றும் சொல்லவில்லை. அது அநியாயம். உத்தரவு கையைப் பற்றித்தானே, காலைப் பற்றி அதில் ஒன்றும் இல்லையே என்றார் வுப்போ. அவர் கிண்டலாகத்தான் சொன்னார். குழு அதைக் குறிப்பில் ஏற்றியது.

அடுத்த நாள் ஹுவாமான் உயரமான நாற்காலியில் உட்கார்ந்து, காலுறையைக் கழற்றி, கால் விரல்களால் சுக்கானைத் திருப்பினார். இதில் அவருக்கு எதிர்பாராத திறமை இருந்தது என்பதை நான் பதிவு செய்ய வேண்டும். ஆனாலும் எங்களுக்குப் பின்னால் நீரில் விழுந்த தடம் குடிகாரன் போட்ட கையெழுத்து மாதிரி இருந்தது. மாலையில் அவருக்குக் காலில் சளி பிடித்துவிட்டதாக மருத்துவர் எழுதினார். அப்படி ஒரு நோய் உண்டா என்று கேட்க ஒரு தனிக் கூட்டம் தேவைப்பட்டது.

மூன்றாவது கூட்டத்தில் பாதிரியார் கண்ணை மூடிக்கொண்டு சிந்தித்தார். தொடுவது என்றால் என்ன? தோல் படுவது. தோல் படாவிட்டால் தொடவில்லை. ஆகவே தடிமனான கையுறை போட்டுக்கொண்டு சுக்கான் பிடிப்பவன் சுக்கானைத் தொட்டவன் ஆக மாட்டான். உத்தரவும் நிற்கும், ஆளும் நிற்பான். குழு ஒருமனதாக ஏற்றது. எல்லோருக்கும் கொஞ்சம் அதிருப்தி இருந்ததால், முடிவு சரியானதுதான் என்று தெரிந்துகொண்டோம்.

தளத்தின் கையுறைகளை அளந்து பார்த்ததில் அவை மெல்லியவையாக இருந்தன. பாதிரியாருக்கு அது உறுத்தியது. கடைசியில் ப்ரூக்ஸ்மா வீட்டு அடுப்பங்கரையிலிருந்து, சூடான பாத்திரம் இறக்கும் கையுறை ஒரு ஜோடி வந்தது. நீலக் கட்டம் போட்டது, உள்ளே பஞ்சு, கட்டை விரலுக்கு மட்டும் தனி அறை. ஞாயிற்றுக்கிழமை இறைச்சி வறுக்க வேண்டும், சனிக்கிழமைக்குள் திரும்பி வந்துவிட வேண்டும் என்று ட்ரைன்த்யே கணவரிடம் உத்தரவு போட்டு அனுப்பியிருந்தார். அதுவும் திரும்பப் பெறப்படாத வகை உத்தரவுதான்.

ஹுவாமான் அந்தக் கையுறைகளைப் போட்டு இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிக் கொஞ்ச நேரம் பார்த்தார். “எங்க ஊர்ல குத்துச்சண்டைக்காரன் இப்படித்தான் ஐயா இருப்பான்” என்றார் என்னிடம். “ஆனா அவனுக்கு எதிர்ல ஒருத்தன் இருப்பான்.” அன்று இரவு அவர் மனைவிக்குக் கடிதம் எழுதவில்லை என்று உடன் இருந்தவர்கள் சொன்னார்கள்.

தேர்வு நாள் வெள்ளிக்கிழமை. ஹேக் நகரத்துப் பெரு நாட்டுத் தூதரகத்திலிருந்து கமாண்டர் அரிசுவேன்யோ என்ற பரிசோதகர் வந்திருந்தார். மெலிந்த, நேர்த்தியான மனிதர். நியுவெடீப் துறைமுகத்திலிருந்து வெளியே போய், கடல்நாய்கள் படுத்துக் கிடக்கும் மணல்திட்டைச் சுற்றி, திரும்பத் துறைமுக வாய்க்குள் நுழைய வேண்டும். ஒவ்வொருவராகச் சுக்கான் பிடித்தார்கள். ப்ரூக்ஸ்மாவிடம் கற்ற மாணவர்கள் ஆனதால், வலது பக்கம் திரும்ப வேண்டிய இடத்திலெல்லாம் இடது பக்கம் முக்கால் வட்டம் போட்டார்கள். நான்காவது ஆள் முடிக்கும்போது பரிசோதகர் ஒரு கம்பியைப் பிடித்துக்கொண்டார். இடப்பக்கக் கைப்பிடியில் அவர் சாயப் போனபோது மூன்று பேர் ஓடிப்போய்த் தடுத்தார்கள். கீழே பாத்திரம் தட்டும் ஓசை கேட்டது. பாக்கெட்டிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து ஏதோ எழுதப் போனவர், எழுதாமலே மூடி வைத்தார்.

கடைசி ஆள் ஹுவாமான். துறைமுக வாய்க்குள் கப்பலைக் கொண்டுவர வேண்டியது அவர். நீலக் கட்டம் போட்ட கைகளோடு சக்கரத்தின் முன் வந்து நின்றார்.

“இவருக்குக் கை வெந்துபோச்சா?” என்று கேட்டார் பரிசோதகர்.

“இல்லை” என்றார் ப்ரூக்ஸ்மா. “குழு முடிவு.”

பரிசோதகர் அதற்குமேல் கேட்கவில்லை. அவர் இந்த நாட்டில் நான்கு வருடமாக இருந்தவர்.

துறைமுக வாய் குறுகியது. இரண்டு பக்கமும் கற்கரை. வெளியே நீரோட்டம் குறுக்கே இழுக்கும், அதனால் வாய்க்குள் நுழையும் நேரத்தில் கப்பலின் மூக்கு திடீரென்று ஒரு பக்கம் பாயும். அதைச் சக்கரத்தில் உணர்ந்த உடனே பிடித்து நிறுத்த வேண்டும், கண்ணால் பார்த்துவிட்டுப் பிடித்தால் நேரம் கடந்துபோகும். அங்கே வட்டம் போட இடமும் கிடையாது.

சக்கரம் வழுவழுப்பான பித்தளை, கையுறை வழுவழுப்பான பருத்தி. நீரோட்டம் இழுத்தது, மூக்கு இடது பக்கம் பாய்ந்தது, ஹுவாமான் வலது பக்கம் திருப்பினார். கையுறை திரும்பியது. சக்கரம் திரும்பவில்லை. மறுபடி திருப்பினார், முழங்கையால் அழுத்தினார், சக்கரம் கால்வாசி வந்து நழுவிப் பழைய இடத்துக்கே போனது. கற்கரையில் மீன்பிடித்துக்கொண்டிருந்த இருவர் அவசரமில்லாமல் தூண்டிலைச் சுருட்ட ஆரம்பித்தார்கள். எங்கள் ஊரில் அவசரப்பட்டால் மற்றவர் ஏதோ நினைத்துக்கொள்வார் அல்லவா?

ஹுவாமான் கையுறையைப் பல்லால் இழுத்து எறிந்துவிடலாம். ஒரு விநாடி வேலை. அவர் செய்யவில்லை. ஒரு தடவை கையை நம்பி அனுபவித்தவர். சக்கரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டே தலையை மட்டும் திருப்பி, “ஐயா” என்றார். அவ்வளவுதான். அதில் கெஞ்சலும் இல்லை, குற்றச்சாட்டும் இல்லை. அவர் முகம் மட்டும் வெளுத்துப்போயிருந்தது.

உகார்தெச்சே சிலுவைக் குறி போட்டார். ப்ரூக்ஸ்மா கற்கரையைப் பார்த்தார், பிறகு அந்த நீலக் கட்டங்களைப் பார்த்தார். அவர் ஹுவாமானின் அருகில் போய் நின்றார். எப்போதும் கப்பல் முழுவதும் கேட்கிற மாதிரி பேசுகிறவர், ரொட்டிக் கடையில் வரிசையில் நிற்கிறவர் மாதிரி தணிந்த குரலில் சொன்னார்:

“கழட்டு.”

“எதை ஐயா?”

“கையுறையை. வெறுங்கையால புடி.”

ஹுவாமான் அசையவில்லை. “இருநூத்திப் பன்னெண்டு ஐயா?”

“அது தப்பு” என்றார் ப்ரூக்ஸ்மா. “அது இப்ப இல்லே.”

கையுறைகள் தரையில் விழுந்தன. ஹுவாமானின் இரண்டு உள்ளங்கைகளும் பித்தளையில் பதிந்தன. சக்கரம் வலது பக்கம் ஓடியது, நின்றது, கொஞ்சம் இடது பக்கம் வந்து அடங்கியது. கப்பல் சிறிது யோசித்துவிட்டு, கற்கரையை விட்டு விலகி, வாயின் நடுவில் நேராக நுழைந்தது. தூண்டில்காரர்கள் மறுபடி தூண்டிலைப் போட்டார்கள்.

பரிசோதகர் கரையில் இறங்கியதும் ஹுவாமானின் தாளில்தான் முதலில் கையெழுத்துப் போட்டார். நாள் முழுவதும் வலது பக்கம் திரும்ப வலது பக்கமே திருப்பியவர் அவர் ஒருவர்தான் என்று ஓரத்தில் ஒரு குறிப்பும் எழுதினார். ஹுவாமான் அந்தத் தாளை இரண்டு முறை படித்து, மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, தந்தி அலுவலகம் எத்தனை மணி வரை திறந்திருக்கும் என்று என்னிடம் கேட்டார்.

ஐந்து மணிக்கு ப்ரூக்ஸ்மா என் அறைக்கு வந்தார். உத்தரவுப் புத்தகத்தைக் கேட்டார். புதிய உத்தரவு ஒன்று போட்டுப் பழையதற்கு விளக்கம் கொடுத்துவிடலாம், அதற்குச் சொற்கள் என்னிடம் தயாராக இருக்கின்றன என்றேன். அவர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார், பேனாவை வாங்கிக்கொண்டார். இருநூற்றுப் பன்னிரண்டாம் உத்தரவைத் தேடி, அதன் மேல் குறுக்கே ஒரு கோடு போட்டார். கோடு கொஞ்சம் கோணலாக வந்தது. பக்கத்தில் ‘ரத்து’ என்று சின்ன எழுத்தில் எழுதி, கையெழுத்துப் போட்டார். மை காயட்டும் என்று சிறிது நேரம் ஊதினார்.

பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, புத்தகத்தை முதல் பக்கத்துக்குத் திருப்பினார்.